வெள்ளி இரவு பாப்பர்: என் சிவப்பு டெக்கும் எப்போதும் வருகிற பதினைந்து பேரும்

வாசகர் கேள்வி, 2024 மே 18

சிங்கப்பூரில் கொஞ்ச நாளாகக் கடை டோர்னமெண்டுகளுக்குப் போகிறேன். மேஜிக் தி கேதரிங் என்ற கார்டு விளையாட்டுதான். ஆளுக்கொரு டெக், அதாவது அவரவர் பொறுக்கிக் கட்டிய கார்டுக் கட்டு. ஒரு வாரம் 3-1 (மூன்று ரவுண்டு வெற்றி, ஒன்று தோல்வி) வருகிறது, அடுத்த வாரம் 0-4. டெக் அதேதான், ஆளும் அதே ஆள்தான். இதெல்லாம் காசும் அதிர்ஷ்டமும் மட்டும்தான் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2024 மே 18, இரவு

மறுக்கிறேன். ஆனால் பாதிதான்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் ஆடுவது மாடர்ன் என்ற ஆட்ட வகை என்றால் உங்கள் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அங்கே ஒரு நல்ல டெக்குக்குப் பல நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போகும். நான் ஆடுவது பாப்பர் என்ற வகை. காமன், அதாவது எளிதில் கிடைக்கிற கார்டுகள் மட்டும்தான் அனுமதி. என் சிவப்பு டெக் (சிவப்பு நிறக் கார்டுகளால் ஆனது) மொத்தமும் நூறு வெள்ளிக்குள், ஸ்லீவ் என்ற கார்டு உறையும் டெக் பெட்டியும் சேர்த்து. எதிரே உட்காருகிறவரும் ஏறக்குறைய அவ்வளவுதான் செலவழித்திருப்பார். இங்கே காசைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. வேண்டுமானால் பளபளவென்று ஃபாயில் (மினுங்கும் அச்சு) மவுண்டன் கார்டு வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்ளலாம். ஃபாயில் பற்றி அப்புறம் ஒரு கதை இருக்கிறது.

அதிர்ஷ்டத்துக்கு நாளை வருகிறேன். தூக்கம் வருகிறது.

2024 மே 19

நூறு ஆட்டத்தில் 60 ஜெயிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடை அளவில் அவர் பெரிய ஆள். மூன்று ஆட்டத்தில் இரண்டை எடுத்தால் ரவுண்டு அவருக்கு என்பதால், ஒரு ரவுண்டை அவர் ஜெயிக்கிற வாய்ப்பு 65 சதவீதத்துக்குச் சற்றே குறைவு. நான்கு ரவுண்டையும் ஜெயிக்க? 18 சதவீதம்கூட இல்லை. கடையிலேயே கெட்டிக்காரர் ஏறக்குறைய ஆறு வெள்ளிக்கிழமைக்கு ஒரு தடவைதான் 4-0 போவார் என்று அர்த்தம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பதினாறு பேர் வந்து, டெக்கைத் தொடாமல் நாணயம் சுண்டியே நான்கு ரவுண்டு ஆடினாலும், ஒரே அளவு வென்றவர்களை மோதவிடுகிற சுவிஸ் முறையில் கடைசியில் ஒருவர் 4-0, ஒருவர் 0-4 என்று நிற்பார். யாராவது ஒருவர் அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அந்த வாரம் அது நீங்கள்.

ஆக அதிர்ஷ்டம் உண்டு, நிறையவே உண்டு. "மட்டும்தான்" என்பதோடுதான் எனக்குச் சண்டை.

2024 மே 19, மதியம்

லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடச் சக்தி தருகிற கார்டு) வராமல் தோற்றால் அது அதிர்ஷ்டம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 60 கார்டில் 24 லேண்ட் வைத்தால், முதல் ஏழு கார்டில் ஒரு லேண்டோ அதற்கும் குறைவாகவோ வருகிற வாய்ப்பு 14 சதவீதம். 20 லேண்ட் வைத்தால் 25. என்னைப் போல 17 வைத்தால் 35. மூன்று ஆட்டத்துக்கு ஒரு தடவை கையைப் பிரித்ததும் முகம் சுருங்கும். அது தெரிந்துதான் 17 வைக்கிறேன். ஒரு லேண்டிலேயே ஓடுகிற கார்டுகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறேன், பிற்பாடு லேண்டாக வந்து குவியாமல் இருப்பது எனக்கு லாபம். எந்த வகை துரதிர்ஷ்டம் வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்புகிறோம்.

2024 ஜூன் 1

4-0! நேற்று!

கர்வம் அடங்கியதும் எழுதலாம் என்று காலைவரை காத்திருந்தேன். அடங்கவில்லை, சரி, எழுதிவிடுகிறேன்.

மே 13 அன்று பாப்பரில் ஆல் தட் கிளிட்டர்ஸ் என்ற கார்டு தடை செய்யப்பட்டது தெரிந்திருக்கும். 2023இல் கமாண்டர் மாஸ்டர்ஸ் தொகுப்பில் அது காமனாக அச்சானதிலிருந்து எங்கள் கடையில் சில பேர் வேறு எதையும் தொடவில்லை. மேசையில் அவர் பக்கம் எத்தனை ஆர்ட்டிஃபாக்ட், எத்தனை என்சாண்ட்மெண்ட் (இரண்டும் கார்டு வகைகள்) இருக்கிறதோ அவ்வளவும் ஒரே கிரீச்சருக்கு, அதாவது அடிக்கிற கார்டுக்கு, பலமாகச் சேரும். இரண்டு அடியில் ஆட்டம் முடிந்துவிடும். அந்தக் கூட்டம் இப்போது அரைகுறையாகக் கட்டிய புது டெக்குகளோடு தடுமாறுகிறது. என் சிவப்பு மட்டும் பழைய வேகத்தில் ஓடுகிறது. ஆர்ட்டிஃபாக்ட் ஒன்றைப் பலி கொடுத்து குல்டோதா ரீபர்த், மூன்று கோப்ளின். அடுத்த டேர்னில் கோப்ளின் புஷ்வாக்கரை கிக்கரோடு (கூடுதல் விலை கொடுத்து) இறக்கினால் நான்கு பேருக்கும் ஒரு பலம் கூடி எட்டு டேமேஜ். மிச்சத்துக்கு லைட்னிங் போல்ட்.

என் திறமை ஒரே வாரத்தில் ஏறவில்லை. அறைதான் மாறியது. இதைத்தான் சொல்ல வந்தேன். இணையத்தில் படிக்கிற பெரிய டோர்னமெண்ட் கணக்கெல்லாம் ஆயிரக்கணக்கான பேரின் சராசரி. நாம் ஆடுவது எப்போதும் வருகிற பதினைந்து பேரோடு. அவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் நம் வானிலை.

2024 ஜூன் 22

வானிலை மாறிவிட்டது.

எங்கள் கடைக்கு உயர்நிலைப் பள்ளித் தம்பி ஒருவன் வருவான். நீல டெக். என்னை "அங்கிள்" என்பான், அந்த மரியாதையோடேயே கழுத்தையும் அறுப்பான். போன மாதம் என்னிடம் இரண்டு தடவை தோற்றவன், சைட்போர்டில் (ஆட்டங்களுக்கு நடுவே மாற்ற வைத்திருக்கிற உதிரிக் கார்டுகளில்) ஹைட்ரோபிளாஸ்ட் நான்கை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். 1995இல் அச்சான கார்டு, இவனைவிட வயதில் ரொம்பப் பெரியது. ஒரே ஒரு நீல மானாவில், அதாவது ஒரு லேண்டின் சக்தியில், நான் போடுகிற சிவப்பு ஸ்பெல் (கார்டு) எதையும் செல்லாமல் அணைத்துவிடும். மேசைக்கு வந்துவிட்ட சிவப்புக் கிரீச்சரையும் எரிக்கும்.

இரண்டாம் ஆட்டம். நான் ஆர்ட்டிஃபாக்ட்டைப் பலி கொடுத்து ரீபர்த் போட்டேன். "அங்கிள், ரெஸ்பான்ஸ்" என்று ஹைட்ரோபிளாஸ்டை மேசையில் வைத்தான். இதற்காகவே காத்திருந்தவன் போல, நீலத்தை அணைக்கிற பைரோபிளாஸ்டைப் போட்டேன். அவன் கையில் இருந்த மூன்று கார்டை விசிறியாய்ப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, ரொம்ப யோசிப்பதாக நடித்துவிட்டு, இரண்டாவது ஹைட்ரோபிளாஸ்டை எடுத்தான். என் பைரோபிளாஸ்ட் போனது, ரீபர்த் போனது. கொடுமை என்னவென்றால் பலி கொடுத்த ஆர்ட்டிஃபாக்ட்டும் போனது. பலி என்பது ஸ்பெல் போடுவதற்கான விலை. ஸ்பெல் அணைந்தாலும் விலை திரும்பி வராது.

நான்கு பிரதி வைத்தால் முதல் ஏழு கார்டிலேயே ஒன்றாவது வருகிற வாய்ப்பு 40 சதவீதம். இவனுக்கு மட்டும் 140 போலிருக்கிறது.

பக்கத்து மேசையில் வேடிக்கை பார்த்தவர்கள் முகத்தில் ஒரு யோசனை ஓடியதைக் கவனித்தேன். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் ஹைட்ரோபிளாஸ்டோடு வருவார்கள், பாருங்கள்.

2024 ஜூலை 13

வந்தார்கள். பச்சை டெக் ஆடுகிற பச்சைக்காரர் அதற்கும் ஒருபடி மேலே, லைஃப் கூட்டுகிற வெதர் தி ஸ்டார்ம் கொண்டுவந்தார்.

கடைசி ரவுண்டு, மூன்றாம் ஆட்டம். அவருக்கு எட்டு லைஃப், அது தீர்ந்தால் தோல்வி. என் கையில் மூன்று டேமேஜ் தருகிற ஸ்பெல் மூன்று, மேசையில் மூன்று லேண்ட். கூட்டினால் ஒன்பது. அவர் பக்கம் இரண்டு ஃபாரஸ்ட் (பச்சை லேண்ட்) சாயாமல், அதாவது செலவாகாமல், நிமிர்ந்து நிற்கின்றன. அடுத்த டேர்னில் அவர் கிரீச்சர்கள் என்னை முடித்துவிடும், அதனால் இப்போதே எல்லாவற்றையும் கொட்டுவதைத் தவிர வழியில்லை. ஒன்று, எட்டு ஐந்தானது. இரண்டு, ஐந்து இரண்டானது. மூன்றாவது போல்ட்டை வைத்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இரண்டு ஃபாரஸ்ட்டையும் சாய்த்தார்.

அந்த டேர்னில் அதற்கு முன் போட்ட ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் வெதர் தி ஸ்டார்மின் ஒரு நகல் வரும். மூன்று ஸ்பெல், மூன்று நகல், அசலோடு நான்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்று லைஃப். இரண்டில் இருந்தவர் பதினான்குக்குப் போனார். என் போல்ட் இறங்கிப் பதினொன்று. அவரைக் கொல்ல ஆரம்பித்தபோது இருந்ததைவிட மூன்று அதிகம்.

கடைக்கார அங்கிள் பின்னாலிருந்து "ஐயோயோ" என்றார். அவர் சீனர். அந்த ஒரு சொல்லை மட்டும் சுத்தமாகச் சொல்வார்.

2024 ஜூலை 14

கீழே ஒருவர், நகல் எண்ணிக்கைக்குப் போட்டவரின் சொந்த ஸ்பெல்கள் மட்டும்தான் கணக்கு என்று எழுதியிருக்கிறார். இல்லை. அந்த டேர்னில் யார் போட்டிருந்தாலும் கணக்கு. பச்சைக்கு எதிரே உட்கார்ந்தால், சாவு அடுத்த டேர்னில் இல்லாதபட்சத்தில், போல்ட்டுகளை ஒரே டேர்னில் கொட்டாதீர்கள். அவர் டேர்னில் ஒன்று, உங்கள் டேர்னில் ஒன்று என்று பிரித்துப் போட்டால், அவர் அந்த டேர்னில் வேறு ஸ்பெல் போடாதவரை, அவருக்கு ஆறுக்கு மேல் கிடைக்காது.

2024 ஆகஸ்ட் 10

தேசிய தினம் வெள்ளிக்கிழமையில் வந்ததால் நேற்றுக் கடையில் எட்டே பேர். மூன்று ரவுண்டில் முடிந்தது. 1-2. பச்சைக்காரர் வாணவேடிக்கை பார்க்கப் போய்விட்டார் என்ற மகிழ்ச்சியில் நீலத் தம்பியிடம் அடிவாங்கினேன்.

ஸ்டாண்டிங்ஸ், அதாவது கடைசி இடவரிசை பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில். இரண்டு பேர் 3-1, இருவருக்கும் ஒன்பது புள்ளி. ஒருவர் இரண்டாம் இடம், இன்னொருவர் ஐந்தாம் இடம். ஏன் என்றால், சமன் வந்தால் முதலில் பார்ப்பது நீங்கள் மோதிய எதிராளிகளின் வெற்றி விகிதத்தை. முதல் ரவுண்டில் தோற்றவர் அப்புறம் தோற்றவர்கள் கூட்டத்தில்தான் ஏறி வருகிறார், எதிராளிகள் சப்பை. கடைசி ரவுண்டில் தோற்றவர் அதுவரை ஜெயிக்கிறவர்களோடு மோதியவர். தோற்பதென்று விதி இருந்தால் தாமதமாகத் தோற்பது நல்லது.

உங்களிடம் தோற்றவர் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போனால் உங்கள் விகிதம் நாசம் என்பது பரவலான பயம். தேவையில்லாத பயம். அவர் ஆடிய ரவுண்டுகளை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டு ரவுண்டும் தோற்றுவிட்டுப் போனாலும் 33 சதவீதத்துக்குக் கீழே போகவிடமாட்டார்கள். 1-1 என்று போனால் 50இல் நிற்கும். உட்கார்ந்து மேலும் இரண்டு தோற்பதைவிட அவர் போவது உங்களுக்கு நல்லதுதான். சாப்பாடு வாங்கிக் கொடுத்து வழியனுப்பலாமா என்று கேட்காதீர்கள். அது லஞ்சத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

2024 அக்டோபர் 19

மூன்று வாரமாக நன்றாகப் போகிறது. 3-1, 3-1, நேற்று 4-0.

காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஓ லெவல், உயர்நிலைப் பள்ளி இறுதித் தேர்வு. நீலத் தம்பி வருவதில்லை. அவனுக்குப் பயந்து சிவப்பை விட்டவர்களைப் பார்த்து, மற்றவர்களும் ஹைட்ரோபிளாஸ்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறெதையோ வைத்துக்கொண்டார்கள். சைட்போர்டு பதினைந்தே கார்டு. வராத நோய்க்கு யாரும் மருந்து வாங்கி வைப்பதில்லை. எல்லோரும் மறந்த நேரத்தில் நான் திரும்பி வருகிறேன். பாப்பர் சிவப்பை இப்படித்தான் ஆட வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அடித்துத் துவைத்தால் ஒரு மாதம் வேறு டெக், வாசனை அடங்கியதும் மறுபடி சிவப்பு.

வீட்டில் இந்தத் தத்துவத்தை விளக்கினேன். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அப்போ தோத்தா ரூம் சரியில்ல, ஜெயிச்சா நீங்க நல்லா ஆடினீங்க, அப்படித்தானே?"

ஜெயித்ததற்கும் ரூம்தான் காரணம் என்று இப்போதுதானே சொன்னேன் என்றேன். "அது சரி, அப்புறம் எதுக்கு வாராவாரம் நீங்க போறீங்க, ரூமையே ஆடச் சொல்லுங்க" என்றாள்.

2024 நவம்பர் 16

ஃபாயில் கதை. நேற்று ஒரு புதியவர் கிரேட் ஃபர்னஸ் என்ற லேண்ட் நான்கையும் ஃபாயிலாகக் கொண்டுவந்தார். பார்க்க அழகு. ஆனால் சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஃபாயில் அப்பளமாக வளையும். ஸ்லீவில் போட்டு டெக்கை மேசையில் வைத்தால் நான்கு இடத்தில் மெல்லிய இடைவெளி தெரிகிறது. டெக்கை வெட்டும்போது கை தானாக அங்கே போய் நிற்கிறது. அவர் ஏமாற்றவில்லை, அவருக்கே தெரியாது. ஆனாலும் விதிப்படி அது அடையாளம் உள்ள கார்டுதான். கடைக்கார அங்கிள் சாதாரண ஃபர்னஸ் நான்கை இரவல் கொடுத்து அனுப்பினார்.

பெரிய இடத்தில் இது இப்படிச் சிரித்துக்கொண்டே முடியாது. 2019 ஏப்ரலில் லண்டன் டோர்னமெண்டில் ஜப்பானின் யூயா வதனாபே, ஹால் ஆஃப் ஃபேமில் இருந்தவர், ஸ்லீவில் அடையாளம் இருந்ததாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அவர் மறுத்தார். தடையும் வந்தது, ஹால் ஆஃப் ஃபேம் இடமும் போனது. புது ஸ்லீவுக்கு ஆகிற சில வெள்ளியில் மிச்சம் பிடிக்காதீர்கள், மூலை மடங்கினால் மொத்தமாக மாற்றிவிடுங்கள்.

ஷஃபிள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்பெல்லுக்கு ஒரு லேண்ட் என்று அடுக்கிவிட்டு ஒப்புக்கு இரண்டு தடவை கலைக்கிறவர்களை எல்லாக் கடையிலும் பார்க்கலாம். ஒழுங்காகக் கலைத்தால் அந்த அடுக்கு கலைந்துவிடும், அப்படியானால் அடுக்கியது வீண். அடுக்கு மிஞ்சுகிறது என்றால் கலைக்கவில்லை, அது ஏமாற்று. 52 கார்டு சீட்டுக்கட்டுக்கு ஏழு ரிஃபிள் (இரு பாதியையும் பின்னிக் கலைப்பது) வேண்டும் என்று கணித அறிஞர்கள் பேயரும் டயகோனிஸும் 1992இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். நம்முடையது 60. எதிராளி கலைத்து நீட்டும்போது வெட்டிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் நீங்களும் கலையுங்கள். அது உங்கள் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2025 ஜனவரி 25

எங்கள் கடையின் உண்மையான சாம்பியன் பற்றி இதுவரை எழுதவில்லை. பாலிடெக்னிக் முடித்த பையன். எந்த டெக்கைக் கொடுத்தாலும் ஆடுவான். போன வருடக் கடைசியில் தேசிய சேவைக்கு, கட்டாய ராணுவப் பணிக்குப் போனான். இனி 4-0 பொதுச்சொத்து என்று நாங்கள் எல்லோரும் மனசுக்குள் ஒரு சின்னக் கொண்டாட்டம் நடத்தினோம்.

நேற்று ஏழரைக்குப் பேரிங் (யாரோடு யார் என்ற பட்டியல்) ஒட்டுகிற நேரத்தில் கதவு திறந்தது. மொட்டைத் தலை, வெயிலில் கறுத்த முகம், தோளில் பெரிய பை. ராணுவப் பயிற்சி நடக்கிற தெக்கோங் தீவிலிருந்து படகு பிடித்து, பாசிர் ரிஸ் வந்து, ரயிலேறி, வீட்டுக்கே போகாமல் நேராக வந்திருக்கிறான். டெக் இல்லை. அங்கிள் கண்ணாடி அலமாரியிலிருந்து யாரோ விற்பனைக்கு விட்டுப்போன டெக்கை எடுத்துக் கொடுத்தார். அதிலிருந்த பாதிக் கார்டை அவன் அப்போதுதான் படிக்கிறான். என்னோடு ஆடும்போது கண் சொருகுகிறது, ஒரு தடவை தலை மேசையில் முட்டப் பார்த்தது.

2-0. அவனுக்கு.

இப்போது சொல்லுங்கள், அதில் காசு எங்கே வந்தது? அறை எங்கே வந்தது? மே மாதம் நான் சொன்ன 60 சதவீதக் கணக்கு இவனுக்குப் பொருந்தாது. நான் ஒரு தடவைகூட இவனை மூன்றாம் டேர்னில் கொன்றதில்லை. நான் வேகமாக வரப்போகிறேன் என்று தெரிந்தால் அவன் முதல் டேர்னிலிருந்தே மெதுவாக ஆடத் தொடங்கிவிடுவான், அடிக்க வேண்டிய கிரீச்சரைத் தடுக்க நிறுத்திவிடுவான். மற்றவர்கள் அதை ஐந்து லைஃபுக்கு வந்த பிறகுதான் செய்வார்கள்.

அறை பற்றி நான் சொன்னதை முழுதாக வாபஸ் வாங்கவில்லை. நம்மைப் போன்ற நடுவாந்திர ஆட்டக்காரர்களுக்கு அறை பொருந்தும் என்று சுருக்கிக்கொள்கிறேன்.

2025 ஏப்ரல் 5

மார்ச் 31 தடை அறிவிப்பில் டெட்லி டிஸ்பியூட், பேஸ்கிங் பிரூட்ஸ்கேல், குல்டோதா ரீபர்த் மூன்று கார்டும் போயின. பெயரில் குல்டோதா என்று பார்த்ததும் நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. வேறு கார்டு இல்லை, என் ரீபர்த்தேதான். 2023இல் மொனாஸ்டரி ஸ்விஃப்ட்ஸ்பியரைத் தடையில் பறிகொடுத்தவனுக்கு இது இரண்டாவது அடி.

டிஸ்பியூட் போனதில் கறுப்பு-சிவப்பு ஆட்கள் துக்கத்தில் இருக்கிறார்கள். நேற்று ஒருவர் நான்கு டிஸ்பியூட்டையும் ஸ்லீவிலிருந்து உருவி, ரப்பர் பேண்ட் போட்டு, அங்கிளிடம் "எவ்வளவுக்கு எடுப்பீங்க" என்று கேட்டார். அங்கிள் கால்குலேட்டரைத் தொடக்கூட இல்லை.

நேற்று 2-2. தோற்ற இரண்டில் ஒன்று நீலத் தம்பியிடம். ஓ லெவல் முடிந்து, மேலே படிக்கச் சேர்ந்து, இரண்டு அங்குலம் வளர்ந்து திரும்பியிருக்கிறான். இன்னும் அங்கிள்தான். இன்னும் நான்கு ஹைட்ரோபிளாஸ்ட்தான். ஆனால் இந்தத் தடவை என் சின்னக் கோப்ளின்களை அவன் தொடவே இல்லை. மூன்றையும் வரவிட்டு, புஷ்வாக்கரை மட்டும் அணைத்தான். பலம் கூடவில்லை, எட்டு அடிக்க வேண்டிய இடத்தில் மூன்று அடித்தேன். ஆறு மாதத்தில் எங்கே கற்றான் என்று கேட்டால், மொட்டை அண்ணன் வார இறுதியில் சொல்லிக் கொடுக்கிறாராம்.

2025 ஏப்ரல் 6

பைரோபிளாஸ்டை இரண்டிலிருந்து நான்காக ஏற்றச் சொல்லி மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஏற்றினால் எதை எடுப்பது? ஆர்ட்டிஃபாக்ட்டை உடைக்கிற ஸ்மாஷ் டு ஸ்மிதரீன்ஸை எடுக்கலாம், டிஸ்பியூட் போனதால் ஆர்ட்டிஃபாக்ட் ஆட்கள் குறைவார்கள் என்பது உங்கள் வாதம். எங்கள் கடையில் குறையமாட்டார்கள். தடை வந்த வாரம் புலம்புவார்கள், அடுத்த வாரம் அதே ஆர்ட்டிஃபாக்ட் லேண்டுகளோடு வேறு எதையாவது கட்டிக்கொண்டு வருவார்கள், எனக்குத் தெரியும். நான்காவது ஸ்மாஷை மட்டும் எடுத்துவிட்டு மூன்றாவது பைரோபிளாஸ்ட் வைக்கிறேன். அதற்கு மேல் பேரம் கிடையாது.